பரிசு விழுந்ததாகத் தவறாகச் செய்தி போனால் லாட்டரி நிறுவனம் பணம் தர வேண்டுமா?

வடக்குவாசல்:
2025 ஜூன் 27, பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் யூரோஜாக்பாட் லாட்டரியின் குலுக்கல். நார்வே அரசுக்குச் சொந்தமான லாட்டரி நிறுவனம் நோர்ஸ்க் டிப்பிங், சுமார் 47,000 பேருக்கு இல்லாத தொகையைப் பரிசாக அறிவித்தது. ஜெர்மனியிலிருந்து யூரோ சென்ட் கணக்கில் வரும் தொகையை 100-ஆல் வகுக்க வேண்டும், 100-ஆல் பெருக்கிவிட்டார்கள். உண்மையான தொகையைப்போல் 10,000 மடங்கு! தலைமை அதிகாரி மறுநாளே பதவி விலகினார். ஆனால் ஏமாந்தவர்களுக்கு மன்னிப்புக் குறுஞ்செய்தி திங்கட்கிழமைதான் போனது. முழுத் தொகையையும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு நட்ட ஈடு தர வேண்டுமா, இல்லையா?

கணக்கன்:
தேவையில்லை. பரிசை முடிவு செய்வது மையக் கணினியில் டிக்கெட் எண்ணோடு இருக்கும் பதிவு. போனில் வரும் அறிவிப்பு அந்தப் பதிவைப் படித்துச் சொல்லும் தூதுவன் மட்டும்தான். பரிசு நிதி டிக்கெட் விற்பனையிலிருந்து வருவது. பிழைக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பொதுநலத் திட்டங்களுக்குப் போகும் பங்குதான் குறையும்.

வடக்குவாசல்:
தூதுவனை அனுப்புவதற்கு முன் யார் சரிபார்த்தார்கள்? எல்லாப் பரிசுகளின் கூட்டுத்தொகையை அந்தக் குலுக்கலின் பரிசு நிதியோடு ஒப்பிட்டால் போதுமே. கூட்டுத்தொகை நிதியைத் தாண்டினால் அறிவிப்பு தானாக நிற்க வேண்டும். 10,000 மடங்குப் பிழை இந்த ஒரு சோதனையில் சிக்காமல் போகாது.

கணக்கன்:
அந்தச் சோதனை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கும் நட்ட ஈட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

தாளடி:
அறிவிப்பை விடுங்கள், டிக்கெட்டே தவறாக அச்சானால்? அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 2017 டிசம்பர் 25 மாலை சுமார் இரண்டு மணி நேரம் அதுதான் நடந்தது. 1 டாலர் டிக்கெட்டின் ஒன்பது கட்டங்களிலும் ஒரே சின்னம். அதன்படி 500 டாலர் பரிசு. விற்பனையை நிறுத்துவதற்குள் சிலர் கடைகளில் காசாக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கு லாட்டரி வாரியம் டிக்கெட் விலையை மட்டும் திருப்பித் தர முன்வந்தது. ஒரே பிழை, ஒரே மாலை. முந்தியவருக்கு 500, பிந்தியவருக்கு 1. இது எந்த ஊர் நியாயம்?

கணக்கன்:
பிழையாக அச்சான டிக்கெட் செல்லாது என்று லாட்டரி விதிகளில் பொதுவாகவே எழுதியிருக்கும். முந்தியவர் பெற்றது பிழையின் பலன். அதைக் காட்டி மற்றவர் உரிமை கோர முடியாது. ஆனால் அந்த விதியைப் பின்பக்கப் பொடி எழுத்தில் புதைக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன்.

மின்கம்பி:
எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். பரிசு விழுந்தவரிடம் ‘இல்லை’ என்று சொல்லும் பிழைதான் அதைவிட மோசம். பிரிட்டனில் அப்போது தேசிய லாட்டரியை நடத்திய கேமலாட்டின் செயலி, 2016 முதல் 2020 வரை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவர்களில் 20,000 பேர் வரையிலானோரின் பரிசு டிக்கெட்டைப் பரிசில்லாதது என்று காட்டியிருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. ஒரு டிக்கெட் வாங்கியவருக்கு அதே போல் இன்னொன்றும் தந்து இரண்டுக்கும் பணம் பிடித்த குறையும் அதே செயலியில் இருந்தது. 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் 31.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அங்கே குலுக்கல் முடிந்து 180 நாளுக்குள் பரிசைக் கோர வேண்டும். ‘இல்லை’ என்பதை நம்பி டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவருக்கு எந்த நட்ட ஈட்டுத் திட்டம் ஈடாகும்?

தாளடி:
அப்படியானால் செயலியை எந்த அளவுக்கு நம்புவது?

மின்கம்பி:
கடைசிச் சொல்லாக நம்பக் கூடாது. குலுக்கல் தேதியைப் பார்த்து, எண்களை அதிகாரபூர்வ முடிவோடு நீங்களே ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடை இயந்திரத்தில் சோதியுங்கள்; அதற்கு முன் டிக்கெட்டின் பின்பக்கம் கையெழுத்திட்டு வையுங்கள். இணையத்தில் வாங்கினால் வங்கியில் பணம் பிடித்ததைச் சான்றாக எண்ண வேண்டாம். கணக்குப் பக்கத்தில் டிக்கெட் எண் தோன்றினால்தான் நீங்கள் குலுக்கலில் இருக்கிறீர்கள். விற்பனை மூடுவதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள். பணம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் வங்கி பிறகு விடுவிக்கும், ஆனால் போன குலுக்கல் போனதுதான்.

வடக்குவாசல்:
புகார் கொடுக்கும்போதும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். “பணம் போச்சு” என்று எழுதினால் வழக்கமான பதில்தான் வரும். டிக்கெட் எண், குலுக்கல் தேதி, பணம் பிடித்த நேரம், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எல்லாம் சேர்த்து, “இந்த நேரத்துக்குரிய பரிவர்த்தனைப் பதிவைச் சரிபாருங்கள்” என்று கேளுங்கள். புகார் எண் வாங்காமல் உரையாடலை மூடாதீர்கள். டிக்கெட்டைத் தபாலில் அனுப்பச் சொன்னால் முதலில் நகலை அனுப்புங்கள்.

கணக்கன்:
இதில் முழு உடன்பாடு. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்: பிழை தெரிந்த பிறகும் திருத்தம் அனுப்பத் தாமதித்தால், அந்த இடைவெளியில் பரிசை நம்பிச் செலவு செய்தவருக்கு, ரசீது காட்டினால், நிறுவனம் தன் லாபத்திலிருந்து ஈடு செய்யலாம். பரிசு நிதியிலிருந்து ஒரு காசும் கூடாது.