பொது எதிரி இருந்தால் போதுமா? ஒரே பார்ட்டியில் பாலடினும் அசாசினும்

வெள்ளிக்கேடயம்:
இன்னொரு இழையில் கருநிழல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பொது எதிரி ஒருத்தன் இருந்தால் போதும், நல்ல கேரக்டரும் கெட்ட கேரக்டரும் ஒரே பார்ட்டியில், ஒரே சாகசக் குழுவில், சேர்ந்து ஓடும். ஓடவில்லை என்றால் தப்பு பாலடின் ஆடுபவர் மேல்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கேரக்டராக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எப்போதும் பாலடினையே, புனிதச் சபதம் எடுத்த வீரனையே, எடுத்து ஆடுகிறவன் நான். இது சுத்த அபத்தம். உலகத்தை அழிக்க லிச் என்ற நடைபிண மந்திரவாதி ஒருவன் வருகிறான், சரி. அவன் கோட்டைக்குப் போய்ச் சேரவே பல செஷன் ஆகும். அதுவரை வழியில் பிடிபடுகிற கைதியை என்ன செய்வது, கிராமத்தானிடம் குதிரையைக் கேட்டு வாங்குவதா பறிப்பதா, கையில் கிடைத்த சாபவாளை உடைப்பதா வைத்துக்கொள்வதா? எல்லாவற்றுக்கும் லிச் வந்து பஞ்சாயத்து பண்ணுவானா? கடைசிச் சண்டைக்குத்தான் அவன் காரணம் தருவான். அங்கே போய்ச் சேரும் வரை இந்த இருவரும் ஏன் ஒரே கூடாரத்தில் படுக்க வேண்டும்?

எங்கள் மேசையில் நடந்ததே சாட்சி. சரணடைந்த கைதியின் உயிருக்கு என் பாலடின் வாக்குக் கொடுத்தான். அன்றிரவே கருநிழல் ஆடும் கூலிக்கொலைகாரன், அந்த அசாசின், அவன் கழுத்தை அறுத்துவிட்டான். செஷன் செஷனாக ஓடிய கேம்பெயின் கதை அதோடு நின்றது.

கருநிழல்:
வந்துவிட்டார் நீதிமான். உங்கள் பாலடின் வாக்கே கொடுக்கவில்லை. "இவனைக் கொல்ல வேண்டாம்" என்று நீங்கள் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் சொன்னீர்கள். அது ப்ளேயர் பேசியது. கேரக்டர் அந்தக் கைதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் முகாம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். விட்டிருந்தால் நேராக லிச்சிடம் ஓடியிருப்பான். நான் பார்ட்டியைக் காப்பாற்றினேன். நன்றி சொல்ல வேண்டியவர் இழை திறந்து அழுகிறார்.

வெள்ளிக்கேடயம்:
"கேடயத்தில் கை வைத்துச் சொல்கிறேன், உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்றேன். கேடயத்தில் கை வைப்பது ப்ளேயரா? என் வீட்டில் கேடயம் கிடையாது.

பழையபகடை:
இரண்டு பேருமே விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் தெளிவாக இருக்கிறது. பாலடின் நல்லவர்களோடு மட்டும்தான் சேருவான். பார்ட்டியில் தீமை இல்லாத நடுநிலைக்காரர்கள் இருந்தால் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் கூடப் போகலாம், அதுவும் அறத்துக்குப் பயன்பட்டால். அதே புத்தகத்தில் அசாசின் தீய அலைன்மென்டில்தான், அதாவது தீமையின் பக்கம்தான், இருக்க வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் பாலடின் தெரிந்தே தீயவர்களோடு கூட்டுச் சேரக் கூடாது என்றுதான் சொன்னது. உங்கள் பார்ட்டியே செல்லாது. பிறகு கைதி என்ன, வாக்கு என்ன?

கருநிழல்:
தாத்தா, நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்பு. 2014 புத்தகத்தில் பாலடின் எந்த அலைன்மென்டிலும் இருக்கலாம். அசாசின் என்பது ரோக் என்ற திருட்டுத்தனமான கேரக்டர் வகையின் ஒரு கிளை, அவ்வளவுதான். பாலடினின் தெய்வ உணர்வுகூட தேவகணம், பிசாசு, நடைபிணம் ஆகியவற்றை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெட்ட மனுஷனைக் காட்டாது.

வெள்ளிக்கேடயம்:
ஐந்தாம் பதிப்பா? அதிலும் வசமாக மாட்டிக்கொண்டீர்கள். என் பாலடின் எடுத்தது டிவோஷன் சபதம். அதில் நேர்மை என்ற நெறியைப் படியுங்கள்: பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, உன் சொல்லே உன் வாக்குறுதி. அலைன்மென்ட் போனாலும் சபதம் போகவில்லை. சபதத்தை உடைத்தால் பாலடினுக்கு என்ன மிச்சம்? நீங்கள் அறுத்தது கைதியின் கழுத்தை மட்டுமல்ல.

கருநிழல்:
அதே பக்கத்தில் கருணை என்ற நெறியும் இருக்கிறது. எதிரிக்கு இரக்கம் காட்டு, ஆனால் விவேகத்தோடு காட்டு. அந்த விவேகம்தான் என் அசாசின். மற்றபடி சொல்லே வாக்குறுதி என்றால் கேரக்டர் சொன்ன சொல். கேரக்டர் சொல்லவே இல்லை.

திரைக்குப்பின்:
பல வருடமாக டிஎம்மாக இருக்கிறேன், கொஞ்சம் கேளுங்கள். பொது எதிரி வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. முதல் செஷனுக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து, "என் கேரக்டர் ஏன் இந்தக் கூட்டத்தை விட்டுப் போகமாட்டான்" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். கெட்டவனுக்கும் தம்பி இருப்பான், கடன் இருக்கும், தன் கூட்டாளிகளிடம் மட்டும் விசுவாசம் இருக்கும். ஊரைக் கொளுத்துகிறவன் நண்பனுக்காக உயிரைக் கொடுக்கலாம். இந்த ஆட்டத்துக்கான அதிகாரப்பூர்வப் பொது ஆட்ட அமைப்பான அட்வென்சரர்ஸ் லீக் தொடங்கியபோது தீய கேரக்டரே கூடாது என்று வைத்திருந்தார்கள். கதை உலகத்தில் உள்ள லார்ட்ஸ் அலையன்ஸ், ஜென்டாரிம் ஆகிய இரண்டு அணிக்காரர்களுக்கு மட்டும் லாஃபுல் ஈவிலை, ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீமையை, அனுமதித்தார்கள். ஓர் அமைப்பின் கட்டுக்குள் நிற்பவனோடு சேர்ந்து பயணம் போக முடியும்.

வெள்ளிக்கேடயம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன், ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். காரணம் இருந்தால் மட்டும் போதாது, நல்லவனை இழந்தால் கெட்டவனுக்கு நஷ்டம் வர வேண்டும். அசாசினின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பாலடினின் முத்திரை இருந்தால்தான் நகரவாசல் திறக்கும். அல்லது அவன் உடம்பில் ஒரு சாபம், பாலடினின் கை பட்டால்தான் அது ஒரு நாள் அடங்கும். இப்போது அவன் கைதியின் மேல் கத்தி வைப்பதற்கு முன் யோசிப்பான். பாலடினுக்கும் அதே மாதிரி ஒரு பிடி வேண்டும். அவனுடைய மடமே "இவன் உன் பொறுப்பு, நடுவர் முன் உயிரோடு கொண்டுவந்து நிறுத்து" என்று ஒப்படைத்திருக்கலாம். அப்போது இவனாலும் அவனை உதறிவிட்டுப் போக முடியாது. எங்கள் கேம்பெயினில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. லிச் ஒருவனை மட்டும் காட்டிவிட்டு ஆடச் சொன்னார்கள். கைதியைக் கொன்றதால் அசாசினுக்கு ஒரு செப்புக்காசு நஷ்டம் உண்டா? இல்லை. அதனால்தான் கொன்றான். நான் வாக்குக் கொடுத்த பிறகும் கொன்றான்.

கருநிழல்:
கொடுக்காத வாக்கு.

நிலவறைநரி:
கணினியில் பால்டர்ஸ் கேட் என்ற விளையாட்டு 1998லேயே இதைச் செய்து காட்டிவிட்டது. பார்ட்டியின் நற்பெயர் ஏறினால் கெட்ட கூட்டாளிகள் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், விழுந்தால் நல்லவர்கள் போய்விடுவார்கள். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாலடின் கெல்டார்னும், டிரோ என்ற நிலத்தடி எல்ஃப் இனத்து விக்கோனியாவும் ஒரே பார்ட்டியில் இருந்தால் வெட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கும் பொது எதிரி இருந்தான்.

கருநிழல்:
அதில் எழுத்தாளர் எழுதிய வசனத்தைத்தான் அவர்கள் பேசுகிறார்கள். மேசையில் மனிதர்கள் ஆடுகிறார்கள். மனிதர்களால் விட்டுக்கொடுக்க முடியும். சிலரைத் தவிர.

நிலவறைநரி:
விட்டுக்கொடுப்பதைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? போன வருடம் என் கேமில் பாதி செஷனில் எழுந்து போனது யார்?

கருநிழல்:
என் விஷத்திலிருந்து தப்புவதற்கான பகடை உருட்டலை, சேவிங் த்ரோவை, திரைக்குப் பின்னால் உருட்டி, எல்லாப் பூதமும் தப்பித்துவிட்டது என்று சொன்னீர்கள். எழுந்து போகாமல் கைதட்டவா?

பழையபகடை:
இதெல்லாம் நன்மை தீமை என்று ஒரு அச்சைச் சேர்த்ததால் வந்த வினை. 1974 மூலப் பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான். நாங்கள் நிம்மதியாக ஆடினோம்.

நிலவறைநரி:
2008இல் நான்காம் பதிப்பு ஒன்பது அலைன்மென்டை ஐந்தாகக் குறைத்தபோது முதலில் குதித்தது நீங்கள்தானே?

பழையபகடை:
நான்காம் பதிப்பை என் முன்னால் பேசாதீர்கள்.

திரைக்குப்பின்:
கேரக்டர்கள் ஒருவரையொருவர் தாக்கக் கூடாது என்ற ஒப்பந்தமாவது உங்கள் மேசையில் இருந்ததா? யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கருநிழல்:
இருந்தது. நான் பாலடினைத் தொடவே இல்லை. தொட்டது கைதியை. கைதி ப்ளேயர் கேரக்டர் இல்லை.

வெள்ளிக்கேடயம்:
பார்த்தீர்களா! இதுதான் இவர் கணக்கு. என் கேரக்டரை அவன் சொல்லை வைத்தே வெட்டிவிட்டு, உடம்பைத் தொடவில்லை என்று சொல்கிறார். அந்த மேசையில் என் பாலடினின் சொல்லுக்கு மதிப்பு இல்லை என்றால் அடுத்து எந்த எதிரி சரணடைவான்? ஒவ்வொரு கூலிப்படையும் கடைசி ஆள் வரை நின்று சண்டை போடும். அதில் சாகப்போவது அசாசினும்தான். இந்த நஷ்டத்தை டிஎம் அடுத்த செஷனிலேயே காட்டியிருக்க வேண்டும். அவர் காட்டவில்லை, அவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கேடயத்தில் கை வைத்து நான் சொன்னதை எங்கள் பார்ட்டியில் பூசாரியான கிளெரிக் ஆடியவரும் கேட்டார்.

கருநிழல்:
கிளெரிக் ஆடியவர் அப்போது மந்திரப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கேடயம்:
கேட்டார். அவரையே இங்கே வந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். கைதியிடமிருந்து எடுத்த அந்த நிழல் மேலங்கியைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பங்குக்கே வராமல் உங்கள் பையில் போனதே, அது.

கருநிழல்:
மேலங்கியை எடுத்தது நான், கண்டுபிடிக்க உருட்டியதும் நான். பாலடின்கள் திருட்டுச் சாமானில் பங்கு கேட்பார்கள் என்று டிவோஷன் சபதத்தில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.