மொட்டைமாடிக் குழாய் சாலையோரக் குழாயைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது: பிழை எங்கே?

கேள்வி (பாளையங்கோட்டை, வேதியியல் ஆசிரியை)

வணக்கம். நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க, 7.1 செ.மீ. நீளமும் 1.1 செ.மீ. உள்விட்டமும் கொண்ட அக்ரிலிக் குழாய்களின் மேல்மூடிக்குள் அந்த வாயுவைப் பிடித்துவைக்கும் டிரைஎத்தனாலமீன் தோய்த்த எஃகு வலைகளை வைத்து, வாய் கீழ்நோக்க, ஆனியில் 14 நாள்கள் மாணவியரோடு கட்டித் தொங்கவிட்டோம். வண்ணார்பேட்டையில் பேருந்துகள் ஓயாமல் செல்லும் சாலையோரக் கம்பத்தில் மூன்று. ஆற்றங்கரை வயல்களைப் பார்த்த வீட்டின் மொட்டைமாடியில் மூன்று. பிடிபட்ட வாயு கூடக் கூட நிறம் அடரச் செய்யும் சல்பனிலமைடு, என்.இ.டி.ஏ. என்ற வினைப்பொருள்களைச் சேர்த்தபோது மாடிக் குழாய்களே சற்று அடர்ந்த இளஞ்சிவப்பாயின. ஒப்பீட்டுக்காகத் திறக்காமலே வைத்திருந்த குழாய்களின் அளவைக் கழித்த பின்னும் அப்படியே. மூன்றும் ஒன்றுபோல் காட்டுவதால் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

பதில் (தென்காசி, ஓய்வுபெற்ற ஆய்வக வேதியியலர்)

அம்மா, உங்கள் வேதியியலில் பிழை தெரியவில்லை, காற்றைத்தான் சந்தேகிக்கிறேன். குழாய்க்குள் காற்று அசையாமல் நிற்கிறது, மூலக்கூறுகள் 7.1 செ.மீ. தொலைவைப் பரவி மட்டுமே கடக்கின்றன என்பதை வைத்தே இந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. அதன்படி குழாய் மணிக்கு ஏறத்தாழ 74 கன செ.மீ. காற்றில் உள்ளதை வாங்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேற்குக் காற்று, மாடியில் காயும் துணியைக் கிளிப்போடு பறித்துச் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அது வாயருகே சுழன்று உள்ளே புகுந்தால் பரவும் தொலைவு குறைகிறது; 1 செ.மீ. குறைந்தாலே அளவு 16 விழுக்காடு கூடும். மூன்று குழாய்களையும் அது ஒரே விதமாகத் தாக்குவதால், அவை ஒத்துப்போவது அளவு சரி என்பதற்குச் சான்று ஆகாது.

அதே மாடியில் மூன்றை வெறுமனேயும், மூன்றை அடிப்பக்கம் மட்டும் திறந்த பெட்டிக்குள்ளும் தொங்கவிட்டுப் பாருங்கள். திறக்காத குழாய்களைக் குளிர்பெட்டியில் வையுங்கள். 14 நாளில் குழாய் காண்பது 25 லிட்டர் காற்றுதான் என்பதால், அவற்றில் 0.1 மைக்ரோகிராம் ஏறினாலும் கன மீட்டருக்கு 4 மைக்ரோகிராம் மாறிவிடும். இந்த வாயுவுக்கு அதே அலகில் இந்தியாவின் ஆண்டு வரம்பு 40, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 10. அந்த 10க்கு முன் 4 சிறிய பிழையன்று.

கேட்டவர்

செய்துவிட்டோம், ஐயா. வெறுங்குழாய்கள் முன்போலவே அடர்ந்தும், பெட்டிக்குள் இருந்தவை வெளிறியும் வந்தன. பெட்டிக்குள் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும்விட மிக வெளிறியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தால், வாய்க்கு அரை விரல் உள்ளே சிலந்தி வெள்ளையாகக் கூடு அடைத்திருந்தது. அந்தக் குழாயைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம். வெறுங்குழாய் அளவுக்கும் பெட்டிக் குழாய் அளவுக்கும் உள்ள விகிதத்தால் பழைய அளவுகளை வகுத்துத் திருத்தலாமா?

பதில் (மேலப்பாளையம், சுற்றுச்சூழல் ஆய்வு மாணவர்)

வேண்டாம், டீச்சர். அந்த விகிதம் அந்த இரண்டு வாரக் காற்றுக்கும் அந்த மாடிக்கும் மட்டுமே உரியது. சாலையோரக் கம்பத்தைக் கட்டடங்கள் மறைத்திருப்பதால் அங்கே அது பொருந்தவே பொருந்தாது. இரண்டு இடங்களிலும் ஒரே அளவுப் பெட்டிகளோடு மீண்டும் தொடங்குங்கள். பெட்டியும் கம்பத்தோடு ஒட்டாமல் சிறிது விலகியிருக்கட்டும். தொடர்ந்து அளக்கும் கருவி உள்ள கண்காணிப்பு நிலையத்தில் அனுமதி கிடைத்தால், அதன் அருகே அதே பெட்டியில் மூன்று குழாய்களைத் தொங்கவிட்டு, குழாய்க்கும் கருவிக்கும் அங்கே கிடைக்கும் விகிதத்தைக் கொண்டு புதிய அளவுகளைத் திருத்தலாம். ஆனி மாத அளவுகளை அழிக்காமல், "காற்றுத்தடுப்பு இன்றி எடுத்தவை" என்று குறித்துத் தனியே வைத்திருங்கள்.