மறுமொழி: லிப்ஸ் பிரிவுக்குத் தமிழ்ப் பெயர் – நூலகமா, நிரலகமா?

எல்லோருக்கும் வணக்கம்.

டெபியன் இயங்குதளத்தின் தமிழாக்கக் கோப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதன் பொதிப் பிரிவுகளில் (பொதி என்றால் நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிய மென்பொருள்) விளையாட்டு, கல்வி, எழுத்துரு எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டன. லிப்ஸ், லிப்டெவல், ஓல்ட்லிப்ஸ் மூன்றும்தான் மிச்சம். மூன்றிலும் இருப்பது லைப்ரரி என்ற ஒரே சொல், பல செயலிகள் பொதுவாகக் கூப்பிட்டுப் பயன்படுத்துகிற செய்நிரல்களின் தொகுப்பு. அதற்காக ஒரு கிழமையாக மினக்கெடுகிறோம்.

கொக்குவில் ஐயா 'நிரலகம்' என்கிறார். நூல் இருப்பது நூலகம், நிரல் இருப்பது நிரலகம், புணர்ச்சியும் சுத்தம். ஆனால் ஐயா, நான் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறவள். அவர்களுக்கு விரிதாளில் கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே போவது நிரல். கணினிக்கு எழுதுவது செய்நிரல். 'நிரலகம்' என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். நிரல்களை மட்டும் சேர்த்து வைக்கிற விரிதாளா என்று ஒரு பிள்ளை கேட்டது. பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. 'செய்நிரலகம்' என்றால் குழப்பம் தீரும், ஆனால் அதைப் பட்டியலில் வாசிப்பவருக்குச் செயலிகள் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன என்று தோன்றும்.

ரொறன்ரோ அக்கா நூலகம் என்ற சொல்லே பொருந்தாது, அதில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். அக்கா, நூல் என்பது புத்தகம் மட்டுமா? நன்னூல் பாயிரத்தில் சொல் பஞ்சாகிறது, புலவர் நூற்கிற பெண்ணாகிறார். அங்கேயே இன்னொரு நூலும் வருகிறது, மரத்தின் கோணலைத் தீர்க்கிற தச்சரின் நூல். ஒருவர் ஆக்கி வைத்ததைக் கொண்டு இன்னொருவர் தன் வேலையைச் செய்வதுதானே லைப்ரரியும்? பிஎன்ஜி படத்தைத் திறக்கிற வேலையை ஒவ்வொரு செயலியும் புதிதாக எழுதுவதில்லை, அதற்கென்று இருக்கிற லிப்பிஎன்ஜி என்ற லைப்ரரியைக் கூப்பிடுகிறது. தச்சரின் நூல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் நூல் என்றே பொருள்படுகிற திரெட் என்ற கணினிச் சொல்லோடு குழம்பும் என்ற பயமும் வேண்டாம், அதை முன்பே 'இழை' என்று வைத்துவிட்டோம்.

லைப்ரரிகளை இலக்கணத்தின் நூல் வகைகளால் பிரிக்கலாம் என்று வவுனியா அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தொல்காப்பியம் முதல், வழி என்று நூலை இரண்டாக வகுக்கிறது, நன்னூல் சார்பையும் சேர்த்து மூன்றாக்குகிறது. ஒரு பொதி ஓட இன்னொரு பொதி தேவைப்படுவதை நாம் ஏற்கெனவே 'சார்பு' என்கிறோம். ஆகவே அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி முதனூல், அதன்மேல் நிற்பவை சார்புநூல். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அண்ணா, டெபியன் பிரிவு சார்பைப் பார்த்து வகுக்கப்படுவதில்லை. சார்பு பொதிக்குள் வேறு ஒரு புலத்தில் இருக்கிறது. பைத்தன் நூலகங்கள்கூட லிப்ஸில் இல்லை, பைத்தன் பிரிவில் இருக்கின்றன. உங்கள் மூன்றையும் சார்புகளை விளக்கும் பாடத்தில் நான் கட்டாயம் எடுப்பேன்.

லைப்ரரி என்றே விடலாம் என்றவர்களுக்கு ஒரு சொல். லகரம் மொழிக்கு முதலில் வராது என்பதை நான் பிடித்துக்கொள்ளவில்லை. லாம்பும் லாச்சியும் எங்கள் வீட்டுச் சொற்கள்தான், லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது, அதை ஒருவரும் 'இலாச்சி' என்று எழுதுவதில்லை. ஆனால் இங்கே சனம் அந்தக் கட்டடத்தையே லைப்ரரி என்றுதான் சொல்கிறது. நூலகம் என்றால் வரும் குழப்பம் லைப்ரரி என்றாலும் வரும். அப்படியென்றால் தமிழ்ச் சொல்லே இருக்கட்டும்.

ஓல்ட்லிப்ஸில்தான் என் கை நின்றது. 'பழைய நூலகங்கள்' என்று தட்டிவிட்டு அழித்தேன். 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகக் கட்டடமும் அதில் போன சுமார் 97,000 நூல்களும் யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு சொற்களுக்குள் வந்து நிற்கும். ஒரு மென்பொருள் பட்டியலில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. பொருளும் சரியில்லை. அங்கே இருப்பவை வயதால் பழையவை அல்ல. புதிதாக ஒருவரும் பயன்படுத்தக் கூடாதவை, பழைய செயலிகள் ஓட வேண்டும் என்பதற்காக விட்டு வைத்தவை, பெயர் மாறிய பொதிக்கு வழிகாட்டுகிற வெறும் பொதிகள், இவைதான். இலக்கணத்தில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, வழக்கொழிதல். ஆகவே 'வழக்கொழிந்தவை'. ஐயா 'கழிந்தவை' என்பார், தெரியும். கழிவு என்று வாசித்து யாராவது நீக்கிவிட்டால் பழைய செயலி ஓடாமல் நின்றுவிடும், ஐயா.

லிப்டெவலுக்கு அதிகம் யோசிக்கவில்லை. செயலியை ஓட்டுபவருக்கு லிப்ஸ் போதும், எழுதுபவருக்கு லைப்ரரியில் எதை எப்படிக் கூப்பிடலாம் என்று சொல்கிற தலைப்புக் கோப்புகளும் வேண்டும். 'நூலக விருத்திக் கோப்புகள்' சரிவரும்.

இதுவரை நாலு பேர் நூலகம், இரண்டு பேர் நிரலகம். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. ஐயா தன் சொல்லை விடமாட்டார், விட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கோப்பில் 'நூலகங்கள்' என்று இட்டு, மேலே குறிப்பு வரியில் 'நிரலகம்' என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுதுகிறேன். அடுத்து இந்தக் கோப்பைத் திறப்பவர் அதையும் பார்க்கட்டும். வியாழன் இரவு வரை மாற்றம் சொல்லலாம்.