தண்ணீர் லைட் திரும்பத் திரும்ப எரிகிறது, ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை: டீசல் பில்டர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பன்னிரண்டு சக்கரம்

வணக்கம்ங்க. பிஎஸ்6 (புகை விதி) காமன் ரெயில் இன்ஜின், 12 சக்கர லாரி. சேலம் - பெங்களூரு லைன். மழை பிடித்ததிலிருந்து டேஷ்போர்டில் தண்ணீர் லைட் எரிகிறது. வாட்டர் செப்பரேட்டரை டிரைன் செய்தால் அணைகிறது, சில நடைக்குள் மறுபடி வந்துவிடுகிறது. லோடோடு தொப்பூர் ஏறும்போது இழுவை குறைந்து இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஸ்கேனரில் எஸ்பிஎன் 97, எஸ்பிஎன் 157 என்ற இரண்டு பிழை எண்களும் வந்தன.

பட்டறையில் இரண்டு பில்டரையும் மாற்றினார்கள். மாட்டும் முன் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பித்தான் மாட்டினார்கள். அதன் பிறகு காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பகலில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது.

கேட்க வேண்டியது: டிரைன் எப்போது, எப்படிச் செய்வது? புது பில்டரில் டீசல் நிரப்பி மாட்டுவது சரியா? காலை ஸ்டார்ட்டிங் தொந்தரவுக்கும் பில்டருக்கும் சம்பந்தம் உண்டா?

---

ரெயில்பிரஷர்

எஸ்பிஎன் 97 என்றால் டீசலில் தண்ணீர். 157 ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரிந்து போகும் பொதுக் குழாயின் அழுத்தம். இரண்டும் சேர்ந்து வருவதால் பில்டர் பக்கம் டீசல் வரத்து அடைபடுகிறதா, காற்று இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜெக்டரைக் கழற்றுவது அதற்கப்புறம்தான்.

உங்கள் வண்டியில் டீசல் போகிற வழி பெரும்பாலும் இதுதான்: டேங்க், சேசிஸில் இருக்கும் பிரைமரி பில்டர் (அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம், மேலே ஹேண்ட் பிரைமர்), ஃபீட் பம்ப், இன்ஜின் மேலுள்ள செகண்டரி பில்டர், ஹைபிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உறிஞ்சும் பக்கத்தில் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் ஒரு பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் விசை கிடைக்காது. அதனால் அங்கே 10 முதல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான பில்டர். தள்ளும் பக்கத்தில் பிரஷர் இருப்பதால் 2 முதல் 5 மைக்ரான் பில்டரை வைக்க முடிகிறது. "நைசான பில்டர் நல்லது" என்று பிரைமரியில் 2 மைக்ரான் எலிமெண்டைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சமதளத்தில் ஓடும், ஏற்றத்தில் முழு லோடில் டீசல் போதாமல் ரெயில் பிரஷர் விழும். உங்களுக்கு மாட்டிய பிரைமரியின் பார்ட் நம்பரை மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நிரப்பி மாட்டுவது: செகண்டரியில் கூடவே கூடாது. கேன் டீசலில் இருக்கும் தூசியைப் பிடிக்க அந்த பில்டருக்கு அப்புறம் எதுவுமே இல்லை, நேரே ஹைபிரஷர் பம்ப்புக்குப் போகும். இன்ஜெக்டர் உள்ளே உரசி ஓடும் பாகங்களின் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற டீசலிலும் இந்த அளவுத் தூசி ஏராளமாக இருக்கும். பழைய இன்லைன் பம்ப் வண்டியில் ஊற்றி மாட்டியது ஒத்துப்போனது. 1,800 பாரிலும் அதற்கு மேலும் வேலை செய்யும் காமன் ரெயிலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிரைமரியை நிரப்பியே ஆக வேண்டும் என்றால் ஓரத்திலுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக மட்டும் ஊற்றுங்கள், அது அழுக்குப் பக்கம். நடு ஓட்டையை மூடிவிட்டு ஊற்றவும்.

சரியான முறை இது. முதலில் பில்டரையும் பில்டர் ஹெட்டையும் வெளியே துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். நூல் உதிரும் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிராத துணி. பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் கேஸ்கெட் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதுசை ஏற்றினால் காற்று இழுக்கும், இல்லை ஒழுகும். கிண்ணத்தைப் புது பில்டருக்கு மாற்றும்போது அதன் ஓ-ரிங், தண்ணீர் சென்சார் ஓ-ரிங் இரண்டையும் புதிதாகப் போடவும். புது கேஸ்கெட்டில் சுத்தமான டீசல் தடவி, கையால் திருகி, கேஸ்கெட் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று (பில்டர் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும், அதுதான் கணக்கு). செயின் ஸ்பேனர் கழற்ற மட்டும். இறுக்கப் பயன்படுத்தினால் கிண்ணம் கீறும், கேஸ்கெட் பிதுங்கும்.

பிறகு ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்குரூவை மூடி, பிரைமர் கையில் கல் மாதிரி கெட்டியாகும் வரை அடிக்க வேண்டும். செல்ஃப் ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவே 2 நிமிடம் விட்டு அடிக்கவும். பழைய வண்டியில் செய்வதுபோல் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலை காமன் ரெயிலில் ஆகாது. அந்த பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய காயம் அது.

---

சங்ககிரி பட்டறை

காலை ஸ்டார்ட்டிங் பற்றிச் சொல்கிறேன் தம்பி. ராத்திரி நின்ற வண்டிக்கு மட்டும் தொந்தரவு, பகலில் இல்லை என்றால், லைனில் இருக்கும் டீசல் இரவில் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் முதலில் காற்றை இழுத்துத் தீர்க்கணும். ரெயிலில் பொதுவாக 150 - 250 பார் ஏறினால்தான் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கும். அதுவரைக்கும் செல்ஃப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பில்டர் மாற்றியதற்கு அப்புறம் ஆரம்பித்ததால் கேஸ்கெட், கிண்ணம், சென்சார் ஓ-ரிங், டிரைன் காக் இந்த நாலில் ஒன்றுதான் என் சந்தேகம்.

உறிஞ்சும் பக்க லீக்கில் ஈரம் தெரியாது. ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. அதனால் துடைத்துப் பார்த்து "ஒழுகல் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

சோதனை சுலபம். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் பிரைமரை அடித்துக் கெட்டியாக்கி விடுங்கள். காலையில் சாவி போடும் முன் திரும்ப அடியுங்கள். ஓரிரு அடியிலேயே கெட்டியானால் லைனில் குறையில்லை. நிறைய அடி வாங்கினால் இறங்கிவிட்டது. அப்போது பிரைமரிக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு முழம் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். தொடர்ச்சியாகக் குமிழி ஓடினால் காற்று இழுப்பது உறுதி. அடுத்து டேங்க் லைனைக் கழற்றி, சுத்தமான கேனிலிருந்து பிரைமரிக்கு நேரே டீசல் கொடுங்கள். குமிழி நின்றால் குறை டேங்க் பக்கம்: பிக்கப் பைப், யூனியன் வாஷர், சேசிஸில் உரசித் தேய்ந்த ஹோஸ். நிற்கவில்லை என்றால் பில்டர் ஹெட். ஹெட்டிலுள்ள நான்ரிட்டர்ன் வால்வில் (டீசலைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) தூசி உட்கார்ந்து மூடாமல் இருந்தாலும் காலையில் இதே தொந்தரவு வரும்.

டிரைன் செய்யும் முறை. தண்ணீர் டீசலைவிடக் கனம், இரவில் அடியில் படிந்திருக்கும். அதனால் காலையில் இன்ஜினை எடுக்கும் முன். சாவி ஆஃப். அடியில் கண்ணாடி பாட்டிலைப் பிடித்து டிரைன் காக்கை இரண்டு மூன்று சுற்று திறக்கவும். உங்கள் கிண்ணம் உறிஞ்சும் பக்கம் என்பதால் திறந்ததும் ஒன்றும் வராமல் இருக்கலாம். மேலே ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லை பிரைமரை இரண்டு அடி அடியுங்கள். சுத்த டீசல் வந்ததும் காக்கைக் கையால் மூடி, பிரைமரைக் கெட்டியாக்கியே வண்டியை எடுக்கணும். இன்ஜின் ஓடும்போது காக்கைத் திறந்தால் தண்ணீர் இறங்காது, காற்றுதான் உள்ளே ஏறும்.

மழைக்காலத்தில் தினமும், மற்ற நாளில் வாரம் ஒரு முறை. லைட் எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சென்சாரின் இரண்டு முனையையும் தண்ணீர் தொட்டால்தான் லைட் வரும், அதற்குள் கிண்ணத்தில் கணிசமாகச் சேர்ந்துவிடும். சாவி ஆன் செய்ததும் அந்த லைட் சில விநாடி எரிந்து அணைகிறதா என்றும் கவனியுங்கள். எரியவே இல்லை என்றால் சென்சார் ஒயரைப் பாருங்கள்.

---

பன்னிரண்டு சக்கரம்

ரொம்ப நன்றிங்க அண்ணா. நீங்கள் சொன்னபடி பார்த்ததில் சென்சார் ஓ-ரிங் பழசையே போட்டிருந்தார்கள், நசுங்கி இருந்தது. புதுசு போட்டதும் காலையில் சரியாக ஸ்டார்ட் ஆகிறது. பாட்டிலில் பிடித்ததில் அடியில் தண்ணீரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கறுப்பாக வழவழப்பாக ஒரு படலமும் இருக்கிறது. பழைய பில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பு.

---

ரெயில்பிரஷர்

பில்டர் காகிதம் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். இன்ஜெக்டர் வரை போய்ச் சூடாகி டேங்குக்குத் திரும்பும் டீசல் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கறுப்புத் துகளாகும், அது எல்லா வண்டியிலும் உண்டு. தொட்டால் சளி மாதிரி இழுபடும் படலம் வேறு. அது டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வளரும் பூஞ்சை, பாக்டீரியா. தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்னும். அதன் கழிவில் உள்ள அமிலம் டேங்கை அரிக்கும். பிய்ந்து வரும் சளி பில்டரை அடைத்ததுதான் தொப்பூரில் இழுவை போனதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே டேங்கை இறக்கிக் கழுவுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மாதத்துக்கு ஒரு பில்டர் வாங்க வேண்டிவரும். அடி பிளக்கைத் திறந்து முழுக்க வடித்து, பிக்கப் பைப்பின் சல்லடையையும் டேங்க் உள்மூலைகளையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டவும். பயோசைடு (பூஞ்சை, பாக்டீரியாவைக் கொல்லும்) மருந்து ஊற்றினால் செத்த சளி மொத்தமும் பில்டருக்குத்தான் வரும், ஒரு செட் பில்டர் கையில் இருக்கட்டும். தண்ணீரை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் மறுபடி வளரும்.

"தண்ணீரைக் கரைத்துவிடும்" என்று விற்கும் அடிட்டிவை ஊற்றவே வேண்டாம். அது தண்ணீரைப் பால் போல டீசலில் கலக்கிவிடும். துளிகள் சேர்ந்து கனமானால்தான் செப்பரேட்டரால் பிரிக்க முடியும். கலந்துபோன தண்ணீர் பில்டரைத் தாண்டி இன்ஜெக்டருக்கே போகும். பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், நாசில் முனையில் நீராவியாக வெடித்து முனையையே பெயர்க்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். டேங்க் மூடி கேஸ்கெட் வெடித்திருக்கிறதா, மூடியில் தண்ணீர் தேங்குகிறதா, பிரீதர் ஹோஸ் (டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய்) கழன்றிருக்கிறதா. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை பிரீதர் பக்கம் அடித்தாலும் உள்ளே போகும். இரவில் அரை டேங்கோடு நிறுத்தினால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து சுவரில் படியும். இதுமட்டும் இவ்வளவு தண்ணீர் தராது, இருந்தாலும் மழைக்காலத்தில் நிரப்பி நிறுத்துவது நல்லது.

டீசல் போடும் பங்க்கையும் விட்டுவிடாதீர்கள். பிஎஸ்6 டீசலுக்கு ஐஎஸ் 1460 என்ற இந்தியத் தரப்படி தண்ணீர் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தத் தரமே 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க இடம் கொடுக்கிறது, பயோடீசல் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். டேங்கர் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் டீசல் போடாதீர்கள், அடியில் படிந்த தண்ணீரும் சேறும் கிளறிக் கிடக்கும். டிப் ராடில் தடவும் தண்ணீர் காட்டும் பேஸ்ட் ஒரு டியூப் வாங்கி வண்டியில் வைத்தால் உங்கள் டேங்கின் அடியையே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும்.

---

குவாரி டிப்பர்

மற்றவர்கள் விட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

பில்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும் வழக்கம் குவாரிகளில் இன்னும் இருக்கிறது. காற்று அடித்தால் காகிதத்தின் துளைகள் விரியும், அழுக்கு சுத்தப் பக்கம் தள்ளப்படும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பழசான பில்டர் தூசியை முன்னைவிட நன்றாகவே பிடிக்கும், ஆனால் தண்ணீரைப் பிரிக்கும் திறன் மட்டும் குறைந்துகொண்டே வரும். "இழுவை குறையவில்லையே, பில்டர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாற்றாமல் ஓட்டினால் தண்ணீர் உள்ளே போவது தெரியாது. கிலோமீட்டர் கணக்கு மேனுவலில் இருப்பதுதான். தூசி சைட், பேரல் டீசல் என்றால் அதில் பாதி.

அடைப்பைச் சந்தேகத்தில் விடாமல் அளக்கலாம். பிரைமரி வெளிவழிக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் டி-ஜாயிண்ட் போட்டு வேக்குவம் கேஜ் மாட்டி, லோடு இல்லாமல் முழு ஆர்பிஎம்மில் பாருங்கள். புது பில்டர் போட்ட அன்று வந்த அளவைக் குறித்துவையுங்கள். பல இன்ஜின்களில் 8 முதல் 10 அங்குல பாதரசம் வந்தால் மாற்ற வேண்டிய எல்லை. புது பில்டரிலேயே அதிகமாகக் காட்டினால் டேங்க் சல்லடையோ மடங்கிய ஹோஸோதான்.

பேரலில் டீசல் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் ஆடாமல் விட்டு, உறிஞ்சும் பைப் முனையை அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே நிறுத்தி எடுங்கள். அடியில் நிற்பது வண்டிக்கு ஆகாது.

பிஎஸ்6 வண்டி என்பதால் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றினாலும் இதே தண்ணீர் லைட்தான் எரியும், அதுவும் டீசலைவிடக் கனம். டிரைன் செய்த தண்ணீரில் சில சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் யூரியா, வெள்ளைப் படிகம் தடிமனாக நிற்கும். ஊற்றிய உடனே தெரிந்துவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள், எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் உள்ள வண்டியில் அதுவே லைனுக்குள் இழுத்துவிடும். நின்ற இடத்திலேயே டேங்கை வடித்துக் கழுவினால் டேங்கோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாமே செலவில் வரும்.