ஃபேன் 2 நொடி சுற்றி நின்றுவிடுகிறது, டிஸ்ப்ளே இல்லை. மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி:
நேற்று எல்லாவற்றையும் பழைய கேபினட்டிலிருந்து புதியதற்கு நானே மாற்றினேன். அதிலிருந்து, பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் 2 நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் தானாகவே சுற்றி, மறுபடி நிற்கின்றன. திரை இருட்டு, பீப் சத்தமும் இல்லை. முந்தைய நாள் வரை நன்றாக ஓடிய கணினி. பழுது பார்ப்பவர் ஒருவர் போனிலேயே "போர்டு போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் ஆய்வுக் கட்டுரை முழுக்க அதில்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில் 1:
கட்டுரையைப் பற்றிப் பயப்படாதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, போர்டில் இல்லை. போர்டே போனாலும் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம்.

இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கொண்ட தனி 12 வோல்ட் கனெக்டர் இருக்கும். கேபினட் மாற்றும்போது பலரும் மறப்பது அதைத்தான்.

கேட்டவர்:
இரண்டும் செய்தேன். 8 பின் கனெக்டர் சரியாகத்தான் இருக்கிறது. அதே 2 நொடிதான்.

பதில் 2:
கேபினட் மாற்றிய மறுநிமிடமே வந்த கோளாறு என்பதால், போர்டைவிட கேபினட் மேல்தான் எனக்குச் சந்தேகம். எங்காவது ஷார்ட் ஆனால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படித்தான் நிறுத்திக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ்ஸே பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகலாம், ஆனால் அதை அப்புறம் பார்ப்போம். எதற்காகவும் அதன் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

போர்டை வெளியே எடுத்து ஒரு காய்ந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வேண்டாம், அதன் மேற்பரப்பு மின்சாரம் கடத்தக்கூடியது. பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின், 8 பின் கனெக்டர்கள், இவ்வளவு போதும். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். பவர் பட்டன் ஒயர் வரும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஓடினால் போர்டு உயிரோடு இருக்கிறது.

கேட்டவர்:
ஓடுகிறது! பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்புகள்) திரை வந்துவிட்டது, கை நடுங்கிவிட்டது. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். சாலிடர் புள்ளிகள் நடுவே ஓர் இடத்தில் வட்டமாகக் கீறல், ஓரத்தில் பித்தளைப் பொடி. போர்டில் திருகு ஓட்டை 8, கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை முட்டு (ஸ்டாண்டாஃப்) 9. ஒன்பதாவதற்கு மேலே ஓட்டையே இல்லை.

பதில் 2:
அதேதான், அந்த ஒன்பதாவது ஸ்டாண்டாஃப் போர்டின் அடியில் பட்டுத்தான் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கழற்றிவிடுங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டுமே ஸ்டாண்டாஃப் இருக்க வேண்டும். கீறல் பட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், செம்புக் கோடு அறுந்திருந்தால் சொல்லுங்கள். போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை புடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
பச்சைப் பூச்சு மட்டும்தான் உரிந்திருக்கிறது, கோடு அறுபடவில்லை. ஸ்டாண்டாஃபை எடுத்துவிட்டு மாட்டினேன். 3 மணி நேரமாக நிற்காமல் ஓடுகிறது. கட்டுரையை முதல் வேலையாகப் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு குறை, பிளக்கைப் பிடுங்கினால் தேதி பின்னால் போய்விடுகிறது.

பதில் 1:
அது போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மாற்றிவிட்டு பயாஸில் தேதியை மட்டும் சரி செய்யுங்கள்.

பதில் 2:
அந்த 3 மணி நேரத்தை ஒரு முழு நாளாக்கிப் பாருங்கள். அதற்கப்புறம் பக்கவாட்டு மூடியைப் போடலாம்.