இடது மூளையில் ஸ்ட்ரோக், வலது சிறுமூளையில் ஏன் ரத்தம் குறைகிறது?

வேம்படி:
அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் இடது பெருமூளையில் ஸ்ட்ரோக். வலது கை இன்னும் சரியாக எழவில்லை. ஸ்பெக்ட் ஸ்கேனில் (மூளையில் ரத்தம் எங்கே எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுவது) அடைப்பு இருந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அது புரிகிறது. ஆனால் வலது சிறுமூளையிலும் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். எம்ஆர்ஐயில் சிறுமூளை சுத்தம், ஆஞ்சியோவில் பின்பக்கக் குழாய்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. குழாய் திறந்திருந்தும் ரத்தம் ஏன் போகவில்லை? அடுத்த ஸ்ட்ரோக்குக்கு அறிகுறியா?

சாக்பீஸ்:
தம்பி, நான் உடலியங்கியல் பாடம் எடுப்பவள், வைத்தியம் பார்ப்பவள் இல்லை. அடுத்த ஸ்ட்ரோக் பற்றி உங்கள் நரம்பியல் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் சொல்வது தெரிந்த சங்கதிதான். குறுக்குச் சிறுமூளை டயாஸ்கிசிஸ் என்பார்கள், அதாவது பெருமூளையில் ஒரு பக்கம் அடிபட்டால், அதோடு நரம்பால் இணைந்த எதிர்ப்பக்கச் சிறுமூளையும் வேலை குறைந்து அடங்குவது. 1980இல் ழான்-குளோத் பரோன் குழுவினர் பெட் ஸ்கேனில் இதைக் காட்டினார்கள்.

இடது பெருமூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் பான்ஸில் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) முடிகின்றன. அங்கிருந்து கிளம்பும் பாசி நார்கள் என்ற நரம்பு இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி வலது சிறுமூளைக்குப் போய், சிறுமணி செல்கள் என்ற குட்டி நியூரான்களைத் தூண்டுகின்றன. மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான், அதிலும் பெரும்பங்கு இந்தப் பொடிசுகள்! இவை தூண்டப்படும்போது குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் வெளிவரும். அதன் தொடர்ச்சியாகச் சில நியூரான்கள் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். பக்கத்துக் குழாய்த் தசை தளரும், ரத்தம் கூடும். அப்பாவுக்கு மேலிருந்து வரும் செய்தி அறுந்துவிட்டது. செல்கள் உயிரோடு இருக்கின்றன, வேலைதான் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் தண்ணீர்ச் செலவு குறைந்தால் மெயின் பைப்பில் அடைப்பு என்றா சொல்வோம்?

முதலாண்டு:
மேடம், ஒரு சந்தேகம். சிறுமணி செல்களிலிருந்து கிளம்பும் இணை நார்களைத் தூண்டினால், இடையில் இருக்கும் தடுப்பு நியூரான்கள் புர்கிஞ்சி செல்லை (சிறுமூளைப் புறணியிலிருந்து செய்தியை வெளியே அனுப்பும் செல்) அடக்கிவிடுமே. அப்படியானால் வேலை கூடும்போது ரத்தம் குறையத்தானே வேண்டும்?

சாக்பீஸ்:
அடடா, இதை வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பேன். கோபன்ஹேகனில் மார்ட்டின் லாரிட்சன் குழு எலியின் சிறுமூளையில் இதைத்தான் செய்துபார்த்தது. 1998இல் இணை நார்களுக்கு மின்தூண்டல் கொடுத்து, லேசர் டாப்ளரால் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். புர்கிஞ்சி செல்லின் மின்துடிப்பு அடங்கியது, ரத்தம் ஏறியது! 2004இல் தலைகீழாக ஒன்று: தடுப்பை மருந்தால் நீக்கி, புர்கிஞ்சி செல்களை வேகமாகத் துடிக்க விட்டார்கள். ரத்த ஓட்டம் அசையவில்லை. அதாவது, ரத்தம் உள்ளே வரும் சினாப்ஸ் (நியூரான்கள் செய்தி கைமாற்றும் இடம்) வேலையைப் பின்தொடர்கிறது, வெளியே போகும் துடிப்பை அல்ல. எஃப்எம்ஆர்ஐயில் (ரத்த ஓட்ட மாற்றத்தைப் படமாக்கும் ஸ்கேன்) சிறுமூளை சிவந்தால் உடனே ‘புர்கிஞ்சி செல் துடிக்கிறது’ என்று எழுதும் மாணவர்களுக்கு நான் மார்க் போடுவதில்லை.

முதலாண்டு:
தெரிந்துகொண்டேன் மேடம், பரீட்சையில் எழுத மாட்டேன் 😄

வேம்படி:
அப்படியானால் வலது சிறுமூளை ரத்தமில்லாமல் பட்டினி கிடக்கவில்லையா? கை தேறினால் ஸ்கேனும் சரியாகுமா?

சாக்பீஸ்:
பட்டினி இல்லை. குழாய் அடைத்தால் திசு கிடைக்கிற ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை அதிகமாக உறிஞ்சும். டயாஸ்கிசிஸில் ரத்தமும் ஆக்ஸிஜன் செலவும் சேர்ந்தே இறங்குகின்றன. ஸ்பெக்டில் ரத்தம் மட்டும்தான் தெரியும், பெட்டில் இரண்டும் தெரியும். சிலருக்கு இந்தக் குறைவு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், கை தேறிய பிறகும்கூட. அதனால் ஸ்கேனை வைத்து ஃபிசியோதெரபியை எடைபோடாதீர்கள், கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.