சரோஜா பெரியம்மா வீடு: கவிதா வளைகாப்பு

பாபு மாமா: ஞாயிறு புதுப்பாளையம் மண்டபம் பேசிட்டேன். நாதஸ்வரம், மைக்செட்டும் சொல்லியாச்சு

சரோஜா பெரியம்மா: புளியோதரை நான்

கவிதா: மைக்செட் வேணாமே மாமா. அவருக்கு ஒத்துக்காது

பாபு மாமா: ஒரு நாள் பொறுக்க மாட்டானா? நாளைக்கு கொழந்த அழுதா என்ன பண்ணுவான்?

வசந்தா சித்தி: செந்தில் காதுகுத்துலயே மைக்செட் போட்டதும் பையன காணோம். தேவனாம்பட்டினம் வரைக்கும் தேடினோம்

சரோஜா பெரியம்மா: ஆமா. தாய்மாமன் சீர் கொறச்சலு, மைக்செட் மட்டும் பெருசு

பாபு மாமா: அக்கா, அது முடிஞ்ச கத

தீபா அக்கா: மாமா, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆஸ்திரேலியாக்காரர் கிரேம் சிம்சியன் 2013ல எழுதின 'தி ரோஸி ப்ராஜெக்ட்' நாவல் படிச்சேன். டான்னு ஒரு மரபணுப் பேராசிரியர், பொண்ணு தேட 16 பக்கம் கேள்வித்தாள் போடுவார். எதுலயும் பொருந்தாத ரோஸிமேலதான் ஆசை வரும். அவ்ளோ சிரிச்சேன், ஆனா அவர எளக்காரமா நினைக்க முடியல. அடுத்த பாகத்துல ரோஸி மாசமா இருப்பா. இவரு நல்ல அப்பாவா இருப்பாரான்னு அவளுக்கே சந்தேகம். நீங்க கேட்ட அதே கேள்வி மாமா. மூணாவதுல பையன் ஹட்சனுக்கு 11 வயசு, ஆட்டிசமான்னு பாக்கச் சொல்லி பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. என் பையனுக்கு டாக்டர் சொன்னப்புறம்தான் செந்திலையே எனக்குப் புரிஞ்சுது. அது அடம் இல்ல, அந்தச் சத்தம் அவனுக்கு வலி. குக்கர் விசில் வந்தா எழுந்து போயிடுவான். ஆனா இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா போடக்கூடாதுன்னு கவிதாவுக்குத் தனித்தனியா அலாரம் வச்சு, ஒரு நாள் தவறாம எடுத்துக் கொடுக்கறான். நம்ம வீட்டுல எந்த ஆம்பள செஞ்சான்?

பாபு மாமா: இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்

மணி: 16 பக்கமா! செந்தில் பொண்ணு பாக்கப் போனப்ப ஒரே கேள்விதான். "ஃபேன் கடகடன்னா தூங்குவீங்களா?"

கவிதா: தூங்க மாட்டேன்னேன். உடனே சரின்னுட்டார்

வசந்தா சித்தி: பண்ருட்டிலேர்ந்து பலா வருது. யாருக்கு எத்தன?

சரோஜா பெரியம்மா: கவிதாவுக்குக் கூடாது. சூடு

செந்தில்: டாக்டரிடம் கேட்டேன். 3 சுளை சாப்பிடலாம்.

செந்தில்: மாமா, நாதஸ்வரம் எனக்குப் பிடிக்கும். ஸ்பீக்கரில் வந்தால் முடியாது. வளையல் அடுக்கும்போது நான் கவிதா பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும்.

சரோஜா பெரியம்மா: பொம்பளைங்க நடுவுல நீ எதுக்குடா

கவிதா: இருக்கட்டும் அத்தை

பாபு மாமா: படிச்சிட்டேன். அந்தப் பையன் ஹட்சன் கடைசில என்ன ஆனான்?

தீபா அக்கா: புக்கு கொண்டு வரேன் மாமா

பாபு மாமா: இங்கிலீஷா? நீயே கத சொல்லு. மைக்செட்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், பேசிப் பாக்கறேன்

மணி: மாமா, வீட்டு மாடிலயே வச்சா மைக்கே தேவையில்லையே

வசந்தா சித்தி: அப்போ மண்டபம்?

சரோஜா பெரியம்மா: எலுமிச்ச சாதம் யாரு?